முதல் கணினிக்குப் பாகங்கள்: ஏஎம்4, எல்ஜிஏ 1700, ஏஎம்5, எல்ஜிஏ 1851 – எதில் தொடங்குவது?

கணினியைத் தாங்களே பொருத்திக்கொள்ள முடிவெடுத்தவர்கள் பாகங்களின் பட்டியலை நீட்டி, "இது சரியாக வருமா?" என்று கேட்கிறார்கள். அண்மையில் பார்த்த ஒரு பட்டியலில் இன்டெல் கோர் ஐ5-13400எஃப் பிராசஸர், பி650 மதர்போர்டு, டிடிஆர்4 ரேம் மூன்றும் இருந்தன. மூன்றுமே நல்ல பொருள்கள். தனித்தனியாக விசாரித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பி650 ஏஎம்டி பிராசஸருக்கான பலகை. இன்டெல் பிராசஸர் அதில் உட்காராது, டிடிஆர்4 அதில் இறங்காது. போதாக்குறைக்கு, பிராசஸர் பெயரின் கடைசியில் இருக்கும் எஃப் என்ற எழுத்துக்கு உள் கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள்; பட்டியலில் கிராபிக்ஸ் கார்டும் இல்லை. எல்லாம் பொருந்தியிருந்தாலும் திரையில் ஒன்றும் வந்திருக்காது.

இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், பிராசஸரையும் பலகையையும் ரேமையும் மூன்று தனி முடிவுகளாக எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரே முடிவு. சாக்கெட்டை (பலகையில் பிராசஸர் உட்காரும் இடம்) தேர்ந்தெடுத்த நொடியில் பலகையின் வகையும் ரேமின் வகையும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே இங்கே பாகங்களை ஒப்பிடாமல், இன்று முதல் கணினி பொருத்துபவர் முன்னால் இருக்கும் நான்கு குடும்பங்களை ஒப்பிடுகிறேன்: ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5; இன்டெலின் எல்ஜிஏ 1700, எல்ஜிஏ 1851.

(செயலி என்று எழுதினால் இப்போது பலரும் கைப்பேசிச் செயலி என்றே படிக்கிறார்கள். அதனால் பிராசஸர் என்றே எழுதுகிறேன்.)

"பொருந்துமா" என்பது மூன்று கேள்விகள்

உட்காருமா, உயிர் பெறுமா, முழு வேகத்தில் ஓடுமா?

முதல் கேள்விக்குக் கண்ணே விடை சொல்லும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான், நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் உள்ள வெட்டின் இடம் மட்டும் மாறியிருக்கும். ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது இறங்காது. இறங்காததை அழுத்தி இறக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: விரலில் வலி தெரிகிற அளவு அழுத்த வேண்டியிருந்தால் எதுவோ தப்பு.

இரண்டாவது கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். இன்டெலின் 6, 7, 8, 9-ஆம் தலைமுறைகள் நான்கும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டில் வந்தன. 8-ஆம் தலைமுறை பிராசஸரை 6-ஆம் தலைமுறைப் பலகையில் வைத்தால் அழகாக உட்காரும். ஆனால் இயங்காது; அதற்கு 300 வரிசை சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு) தேவை. சிப்செட்டும் சரியாக இருந்துவிட்டால் அடுத்தது பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும், பலகையிலேயே இருக்கும் சிறு மென்பொருள். பலகை தயாரானபோது இல்லாத பிராசஸரை அந்தப் பலகையின் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கருப்பாகவே இருக்கும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் டிடிஆர்5 ரேமைச் செருகியதும் அது 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் அச்சிட்ட வேகம் கிடைக்கும். வாங்கி இரண்டு ஆண்டுகளாகக் குறைந்த வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எதை வைத்து எடை போடுவது

முதல் கணினிக்கான அளவுகோல்களும் ஐந்தாவது கணினிக்கானவையும் ஒன்றல்ல. அனுபவசாலியிடம் சோதித்துப் பார்க்க ஒரு பழைய பிராசஸரோ இன்னொரு ரேமோ இருக்கும். முதல்முறை செய்பவரிடம் ஒன்றும் இருக்காது. அதனால் முதல் அளவுகோல், பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியவுடன் பயாஸ் சிக்கல் இல்லாமல் இயங்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது.

அதோடு சேர்ந்ததுதான் உள் கிராபிக்ஸ். விளையாட்டுக்காகத் தனிக் கார்டு வாங்கினாலும், பிராசஸரிலேயே சிறிய கிராபிக்ஸ் இருப்பது பெரிய பலம். திரை கருப்பாக இருக்கும்போது கோளாறு கார்டிலா மற்றதிலா என்று அறிய கார்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். இது இல்லாதவர் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

அடுத்தது ரேம். 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டது முக்கியக் காரணம். முன்பெல்லாம் ரேம் பட்டியலின் கடைசி வரி. இப்போது அது குடும்பத்தையே தீர்மானிக்கலாம், குறிப்பாக உங்களிடம் பழைய டிடிஆர்4 இருந்தால்.

பிறகு, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள இடம் உண்டா என்பது. மின்சாரமும் வெப்பமும் எவ்வளவு என்பது. இவற்றோடு பட்டியலில் தெரியாமல் பின்னால் வரும் செலவுகள்: கூலர், கூலரைப் பொருத்தும் கிட், விண்டோஸ் உரிமம், தவறிப்போனால் மறுபடி வாங்க வேண்டிய பலகை.

ஒரே பார்வையில்

| | ஏஎம்4 | எல்ஜிஏ 1700 | ஏஎம்5 | எல்ஜிஏ 1851 |
|---|---|---|---|---|
| பிராசஸர்கள் | ஏஎம்டி ரைசன் 1000 முதல் 5000 வரை | இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை | ரைசன் 7000, 8000, 9000 | கோர் அல்ட்ரா 200 வரிசை |
| தொடக்கம் | ரைசனுடன் 2017 | 2021 | 2022 | 2024 |
| ரேம் | டிடிஆர்4 | டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. பலகையைப் பொறுத்தது | டிடிஆர்5 மட்டும் | டிடிஆர்5 மட்டும் |
| பின்கள் | பிராசஸரில் | சாக்கெட்டில் | சாக்கெட்டில் | சாக்கெட்டில் |
| உள் கிராபிக்ஸ் | ரைசனில் எண்ணுக்குப் பின் ஜி வருபவற்றில் மட்டும் | எஃப் இல்லாதவற்றில் | எஃப் இல்லாதவற்றில் | எஃப் இல்லாதவற்றில் |
| பயாஸ் சிக்கல் | 400 வரிசைப் பலகையில் ரைசன் 5000 | 600 வரிசைப் பலகையில் 13, 14-ஆம் தலைமுறை | 600 வரிசைப் பலகையில் ரைசன் 9000 | குறைவு |
| நாளை மேம்படுத்த | உச்சியைத் தொட்டுவிட்டது | உச்சியைத் தொட்டுவிட்டது | இடம் உண்டு | அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் |

ஏஎம்4: கையில் பழைய ரேம் இருப்பவருக்கு

இவ்வளவு நீண்ட ஆயுள் வேறு எந்த அண்மைக்கால சாக்கெட்டுக்கும் வாய்க்கவில்லை. 2017-இல் முதல் ரைசனோடு வந்த பலகைகளில் சிலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐக் கூட ஓட்ட முடிகிறது. ஆறு கோர் (கணக்கிடும் அலகு), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் பணிகள்), 65 வாட், பெட்டியிலேயே கூலர். பி550 பலகை, 5600 பிராசஸர், இரண்டு குச்சி டிடிஆர்4 என்ற கூட்டணியில் தவறு செய்வதே கடினம்.

கடினம்தான்; ஆனாலும் ஒரு பொறி இருக்கிறது. 5500, 5600, 5600ஜி மூன்றும் ஒரே பொருளின் சின்ன, பெரிய வடிவங்கள் என்று நினைக்கத் தோன்றும். 5600-இல் 32 எம்பி எல்3 கேஷும் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) பிசிஐஇ 4.0-உம் (கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கான தரவுப் பாதை) உண்டு. 5500-உம் 5600ஜி-யும் 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0 கொண்டவை. இதோடு கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்துப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் பதினாறு லேன் (தரவு செல்லும் தடம்) ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் எட்டு லேன்களைத்தான் பயன்படுத்தும்; ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே நான்கு. பிசிஐஇ 4.0-இல் இது பெரிதாகத் தெரியாது. 3.0-க்கு இறங்கும்போது பாதை பாதியாகிவிடும். நான்கு லேன் கார்டு நன்றாகவே தடுமாறும். உட்கார்ந்தது, உயிர் பெற்றது, முழு வேகம் மட்டும் வரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மறைசெலவு என்று பார்த்தால், 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லாததால் முதல் நாளே கார்டு வேண்டும். பி450 பலகையை யாராவது குறைத்துத் தருகிறார்கள் என்றால் அதன் பயாஸ் 2020 இறுதிக்குப் பிந்தையதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய ரேமைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அது மேசைக் கணினியின் ரேம்தானா என்று பார்க்கட்டும். மடிக்கணினி ரேம் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான், இந்த ஸ்லாட்டில் நிற்காது. இன்னொன்று: ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. கூலரை நேராக மேலே இழுத்தால், இடையில் பூசி இறுகிப்போன வெப்பக் கடத்திப் பேஸ்ட் பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகிய பிறகே தூக்க வேண்டும்.

கையில் 16 ஜிபி டிடிஆர்4 சும்மா கிடக்கிறது, கணினி ஐந்து ஆண்டு உழைத்தால் போதும் என்பவருக்கு இதுதான் சரி. எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவர் இதைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை யோசிக்கட்டும். அடுத்த மேம்பாட்டின்போது பிராசஸர், பலகை, ரேம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்ஜிஏ 1700: பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரிந்தவருக்கு

நான்கில் அதிகம் குழப்புவது இதுதான். காரணம், இந்த ஒரு சாக்கெட்டில் மட்டும் டிடிஆர்4 பலகையும் உண்டு, டிடிஆர்5 பலகையும் உண்டு. ஒரே தயாரிப்பாளரின் ஒரே பி760 பலகை இரு வடிவங்களில் வரும். பெயரின் வால் பகுதியில் டி4 என்றோ டிடிஆர்4 என்றோ இருப்பதுதான் வேறுபாடு. சிலவற்றில் அதுவும் இருக்காது. படத்தைப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிரித்துவிடாதீர்கள். பிரித்தபின் திருப்பிக் கொடுப்பது எளிதல்ல என்பதை என் சொந்தச் செலவில் கற்றேன்.

எழுத்துகளின் பொருள் இது. கே என்றால் ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுதல்) செய்யலாம், பெட்டியில் கூலர் இருக்காது. எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை. கேஎஃப் என்றால் இரண்டும். பலகையில் எச்610 மிக எளிமையானது: இரண்டே ரேம் ஸ்லாட், ரேமின் வேகத்தை அடிப்படைக்கு மேல் ஏற்ற முடியாது. அதில் வேகமான ரேமை வாங்கிப் போடுவது மாட்டு வண்டியில் பந்தயக் குதிரையைப் பூட்டுவதுதான். பி660, பி760 பலகைகளில் ரேமை வேகப்படுத்தலாம், பிராசஸரை முடியாது. அதற்கு இசட்690 அல்லது இசட்790 வேண்டும். கே பிராசஸரை பி பலகையில் போட்டால் ஓடும். கே என்ற எழுத்துக்குக் கொடுத்த கூடுதல் பணத்தின் பெரும் பகுதி வீண்.

இந்தக் குடும்பத்தின் நல்ல பிள்ளை கோர் ஐ5-12400. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள் கிராபிக்ஸ், பெட்டியில் கூலர். உச்ச நிலையிலும் 117 வாட். 600, 700 எந்த வரிசைப் பலகையிலும் பயாஸ் பற்றிய கவலை இல்லாமல் இயங்கும், ஏனென்றால் அந்தச் சாக்கெட்டின் முதல் தலைமுறையே இதுதான். முதல்முறை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, திரை கருப்பாக இருக்கும் இரவில் புரியும்.

13, 14-ஆம் தலைமுறைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவற்றின் சக்தி மிகுந்த பிராசஸர்களில் அதிக மின்னழுத்தத்தால் காலப்போக்கில் நிலைகுலைவு ஏற்படுவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே பழுதான பிராசஸரை அது சரி செய்யாது. ஆகவே புதிதாக வாங்கினால் விண்டோஸ் நிறுவும் முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள். ஒருவர் பயன்படுத்திய ஐ7, ஐ9 13, 14-ஆம் தலைமுறை பிராசஸரை முதல் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கூலரிலும் ஒரு சின்ன வஞ்சகம். பழைய இன்டெல் சாக்கெட்டுகளில் கூலர் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழைய கூலரைப் பொருத்தப் பார்த்தால் நடக்காது. தயாரிப்பாளரிடமிருந்து தனிக் கிட் வாங்க வேண்டும்.

ஏஎம்5: எல்லாம் புதிதாக வாங்குபவருக்கு

என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி இந்தச் சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக அறிவித்திருக்கிறது. இன்று ரைசன் 5 7600 வாங்கிப் போட்டவர் நாளை அதே பலகையில், அதே ரேமில், பிராசஸரை மட்டும் மாற்றலாம். 7600-இல் ஆறு கோர், 65 வாட், பெட்டியில் கூலர், திரைக்குப் படம் தரும் அளவுக்குச் சிறிய உள் கிராபிக்ஸ். எக்ஸ் சேர்ந்த 7600எக்ஸில் கூலர் வராது, வெப்பமும் கூடுதல். கிடைக்கும் வேக வித்தியாசம் அந்தச் செலவுக்கு ஈடாகாது. ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை இதிலும் பொருந்தும் என்பது கூடுதல் வசதி.

மறைசெலவின் முதல் பெயர் டிடிஆர்5. தப்பிக்க வழியில்லை. இரண்டாவது, ரேம் குச்சிகளின் எண்ணிக்கை. ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200. நான்கு குச்சி போட்டால் 3600. "இப்போதைக்கு இரண்டு 8 ஜிபி, பிறகு இன்னும் இரண்டு" என்ற நமது பழைய சிக்கனம் டிடிஆர்4 காலத்துக்குச் சரி, இங்கே சரிவராது. இரண்டு 16 ஜிபியாகவே, ஒரே கிட்டாக வாங்கிவிடுங்கள். எக்ஸ்போவோடு 6000 வேக ரேம் இந்தக் குடும்பத்துக்கு நன்கு பொருந்துகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்குப் பலன் சொற்பம்.

முதன்முறை இயக்கும்போது ஏஎம்5 மனிதரைச் சோதிக்கும். பலகை ரேமைப் பழக்கிக்கொள்ளும் வேலை சில நிமிடங்கள்கூட நீளலாம், அதுவரை திரையில் எதுவும் வராது. எனது முதல் ஏஎம்5 கணினியை ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து அணைத்து, ரேமைக் கழற்றி மாட்டி, கடைசியில் பலகை செத்துவிட்டது என்று முடிவு கட்டி, இயக்கத்தில் விட்டபடியே தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது பயாஸ் திரை எனக்காகக் காத்திருந்தது. அணைக்காமல் இருந்திருந்தால் முதல் முறையே வந்திருக்கும்.

பின்கள் சாக்கெட்டில் இருப்பதால், பிராசஸர் பிடுங்கிக்கொண்டு வரும் ஆபத்து இல்லை. மாறாக, ஒரு விரல் தவறிப் பட்டால் பலகை போய்விடும். சாக்கெட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள். இது இன்டெல் பலகைகளுக்கும் பொருந்தும்.

ரைசன் 9000 வாங்க நினைப்பவர், பி650 போன்ற 600 வரிசைப் பலகையைத் தேர்ந்தெடுத்தால், பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பிராசஸரே இல்லாமல், பென்டிரைவை வைத்து பயாஸைப் புதுப்பிக்க உதவுவது அது. அல்லது புதிய 800 வரிசைக்குப் போகலாம். 8000 வரிசையின் ஜி பிராசஸர்கள் தனிக் கார்டு வேண்டாம் என்பவருக்கு மட்டுமே. பின்னாளில் கார்டு சேர்த்தால் 8600ஜி, 8700ஜி எட்டு லேன்தான் தரும், 8500ஜி நான்கு.

எல்ஜிஏ 1851: வேலைக்கென்றே வாங்குபவருக்கு

2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை, இன்டெலின் முந்தைய தலைமுறையைவிடக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்கிறது. கோர் அல்ட்ரா 7 265கே-வில் இருபது கோர்கள். வீடியோ தொகுப்பு, பெரிய நிரல்களைத் தொகுத்தல் போன்றவற்றில் நன்றாக உழைக்கும். உள் கிராபிக்ஸ் ஏவி1 என்ற வடிவில் வீடியோவைக் குறியாக்கமும் செய்யும். எல்ஜிஏ 1700 கூலர்கள் இதற்கும் பொருந்தும். விளையாட்டில் மட்டும், ஏஎம்டியின் எக்ஸ்3டி (கூடுதல் கேஷ் கொண்ட) பிராசஸர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. இன்டெல் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றும் வழக்கமுடையது என்பதால், நீண்ட கால எதிர்காலத்தை நம்பி இதை வாங்கச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க வீடியோ தொகுப்பவர் வாங்கலாம்.

எந்தக் குடும்பமானாலும் இடறும் இடங்கள்

பவர் சப்ளை பற்றிப் பயமுறுத்தும் கணக்குகள் நிறைய உலவுகின்றன. கணக்கு எளிது. 12400-இன் உச்சம் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், பலகை, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்குத் தாராளமாக 100 என்று வைத்தாலும் 332-ஐத் தாண்டாது. நல்ல 550 வாட் பவர் சப்ளை போதும். அதற்காக 850 வாட் என்று எழுதிய மலிவுப் பெட்டியை வாங்காதீர்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைச் சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கிராபிக்ஸ் ஸ்லாட் 75 வாட் தரும், எட்டு பின் கேபிள் ஒன்று 150 வாட். கார்டில் எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனை கேபிள் உங்கள் பவர் சப்ளையில் இருக்க வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் பவர் சப்ளையில், வேறொன்றின் கேபிளைப் பயன்படுத்தவே கூடாது. முனை கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நொடியில் கருகிவிடும். உட்காருகிறது என்பதால் பொருந்துகிறது என்று எண்ணியதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் இல்லை.

கேபினெட்டில் மூன்று அளவுகளைப் பாருங்கள்: பலகையின் அளவு, கார்டின் நீளம், கூலரின் உயரம். ஏடிஎக்ஸ் பலகை 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. சிறிய பலகை பெரிய கேபினெட்டில் அடங்கும், பெரியது சிறியதில் அடங்காது. கோபுர வடிவக் கூலர்கள் பல 155 முதல் 160 மில்லிமீட்டர் உயரம். கேபினெட் 150 என்றால் பக்கவாட்டுக் கதவு மூடாது. முன்பக்கம் நீர்க் கூலரின் ரேடியேட்டர் வைப்பவர்கள் அதற்கும் விசிறிக்கும் சேர்த்து ஏறக்குறைய 52 மில்லிமீட்டரைக் கார்டுக்கான இடத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். முதல் கணினிக்கு மினி ஐடிஎக்ஸ் வேண்டாம். கை நுழையாத இடத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

எம்.2 எஸ்எஸ்டியில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். அளவு ஒன்றாக இருந்தாலும் பழைய, மெதுவான சாட்டா வகை, வேகமான என்விஎம்இ வகை என்று இரண்டு உண்டு. பல புதிய பலகைகளின் எம்.2 ஸ்லாட் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். சில பலகைகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஓரிரு சாட்டா இணைப்புகள் அணைந்துவிடும். கையேட்டில் அதற்கு ஓர் அட்டவணை இருக்கும்.

யாருக்கு எது

டிடிஆர்4 ரேம் கையில் இருந்து, தனிக் கார்டும் வாங்குவதாக இருந்தால் பி550 பலகையும் ரைசன் 5 5600-உம். டிடிஆர்4 இருக்கிறது, கார்டு இப்போதைக்கு இல்லை என்றால் 12400-உம் டிடிஆர்4 ஏற்கும் பி660 அல்லது பி760 பலகையும். எழுத்து, இணையம், படிப்புக்கு உள் கிராபிக்ஸ் போதும், கார்டு பிறகு வரலாம். கையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் புதிது என்றால் ரைசன் 5 7600, ஒரு பி650 பலகை, இரண்டு 16 ஜிபி டிடிஆர்5. ரேம் விலை உறுத்தினால் ஒரே 16 ஜிபி குச்சியோடு தொடங்கி, பிறகு அதே மாதிரி இன்னொன்றைச் சேர்க்கலாம். ஒற்றைக் குச்சியில் வேகம் குறையும், ஆனால் பலகையை மாற்ற வேண்டியிருக்காது. வீடியோ வேலையே தொழில் என்பவர் 265கே-வைப் பார்க்கலாம்.

பழைய கணினியின் விண்டோஸ் உரிமம் அதன் பலகையோடு கட்டப்பட்டதாக இருக்கக்கூடும். அது புதிய பலகைக்கு வராது. லினக்ஸ் போதும் என்பவருக்கு இந்த வரி பொருட்டல்ல.

பட்டியல் முடிவானதும் பணம் கட்டும் முன், பலகைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் பலகையின் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிராசஸரின் பெயருக்கு எதிரே ஒரு பயாஸ் பதிப்பு எண் இருக்கும். பலகையின் பெட்டியில் சில தயாரிப்பாளர்கள் உள்ளே உள்ள பயாஸ் பதிப்பை ஒட்டுச்சீட்டாக ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். பெட்டி எண் பட்டியல் எண்ணைவிடச் சிறியதாக இருந்து, ஃபிளாஷ்பேக் பொத்தானும் இல்லையென்றால் அந்தப் பலகையை விட்டுவிடலாம்.

எல்லாப் பாகங்களையும் ஒரே வாரத்துக்குள் வாங்குங்கள். ரேமைச் சலுகையில் வாங்கி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பிராசஸர் வாங்கினால், ரேமில் குறை தெரியவரும்போது திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்திருக்கும். கையில் வந்ததும் கேபினெட்டுக்குள் போகாமல், பலகை வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே பலகையை வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் குச்சி, பவர் சப்ளை இவற்றை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். உள் கிராபிக்ஸ் இல்லாத பிராசஸர் என்றால் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குச்சியைப் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் செருகுங்கள். நான்கு ஸ்லாட் பலகைகள் பெரும்பாலும் அதையே எதிர்பார்க்கின்றன. இரண்டாவது குச்சி நான்காவதில். பவர் பொத்தானுக்கான இரண்டு பின்களை ஒரு ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் இயங்கும். ஏஎம்5 என்றால் தொட்டுவிட்டு, தேநீர் போடப் போகலாம்.